வெள்ளையா, கருப்பட்டியா, மாத்திரையா? ஞாபகத்துக்காக ஒரு சர்க்கரைக் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு யாருக்கும் காபி கிடையாதா?" என்றார். கவிழ்த்த டம்ளரின் ஈரம்கூடக் காயவில்லை.

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய் வந்து 16 வருடம் ஆகிறது. அன்றைக்கு வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை. பிளஸ் டூ படிக்கும் மகள், "பாட்டிக்குச் சர்க்கரையாலதான் இப்படி ஆகுது, அந்த டப்பாவையே தூக்கிப் போடுங்க" என்றாள். வெள்ளைச் சர்க்கரையை மட்டும் நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கு மாறினால் போதும் என்பது மனைவியின் கட்சி. தம்பி போனில், "சுகர் ஃப்ரீ மாத்திரை வாங்கிப் போடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அம்மா மட்டும், "எழுபத்தி நாலு வயசுல மறக்காம வேற என்ன செய்யும்? ஸ்பூனை எங்க வெச்ச, அதைச் சொல்லு" என்றார்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. எனக்கு 48 வயது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கடைசிப் பரிசோதனையில் 6.1. அது 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் நோய். நான் நடுவில், வாசற்படியில் நிற்கிறேன். ஆக ஒரே டப்பாவுக்குள் மூன்று பேர் கையை விடுகிறோம்: நோய் வந்தவர், வரப்போகிறவன், பரீட்சை எழுதப்போகிறவள். மனைவி பல வருடமாகச் சர்க்கரை போடாத காபிதான் குடிக்கிறாள், அதனால் நீதிபதி இடம் அவளுக்கு இயல்பாகவே கிடைத்துவிட்டது.

எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய மூன்று வாரம் படித்தேன், கேட்டேன், சமையலறைத் தராசில் நிறுத்தும் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மதுரைக்குத் தெற்கே டப்பாவில் இருப்பதைச் சீனி என்பார்கள், சென்னையில் பழைய ஆட்கள் அஸ்கா என்பார்கள். மற்றபடி நமக்கு டப்பாவில் இருப்பதும் சர்க்கரை, ரத்தத்தில் ஓடுவதும் சர்க்கரை, நோயும் சர்க்கரை. "சர்க்கரை ஞாபகத்தைக் கெடுக்கும்" என்று யாராவது சொன்னால் எந்தச் சர்க்கரை என்று திருப்பிக் கேட்க வேண்டும். மூளைக்குத் தெரிந்தது ரத்தச் சர்க்கரை ஒன்றுதான். டப்பா, அதில் வந்து கலக்கும் வாய்க்கால்களில் ஒன்று. சோறும் இட்லியும் அதைவிடப் பெரிய வாய்க்கால்கள். இந்தியர்கள் சாப்பிடும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று, நாடு முழுவதும் சர்க்கரை நோயைக் கணக்கெடுக்கும் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2025இல் சொன்னது.

மூளைக்குச் சர்க்கரை வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நாளுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ். இதைக் கேட்டதும் "அப்போ ஸ்வீட் சாப்பிட்டாத்தான் மூளை ஓடும்" என்று மகள் கட்சி மாறப் பார்த்தாள். அந்த 120 கிராமை இனிப்பாகத்தான் தர வேண்டும் என்றில்லை. சோறும் பருப்பும் செரித்து அங்கேதான் போய்ச் சேருகின்றன. ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆனாலும் மகள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1980களிலும் 90களிலும் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பால் கோல்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். வயதானவர்களுக்கு எலுமிச்சைப் பானம் கொடுப்பார்கள். ஒரு நாள் அதில் குளுக்கோஸ் இருக்கும், இன்னொரு நாள் ரத்தச் சர்க்கரையை ஏற்றாத செயற்கை இனிப்பான சாக்கரின். பிறகு ஒரு சிறு பத்தியை வாசித்துக் காட்டி, எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். குளுக்கோஸ் குடித்த நாளில் அதிகம் ஞாபகம் இருந்தது. அடுத்த நாள் கேட்டாலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இதற்குப் பின்னால் ஒரு அழகான யோசனை உண்டு. பயந்துபோன சம்பவம் நமக்கு ஏன் மறப்பதில்லை? அப்போது சுரக்கும் அட்ரினலின் மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. ஆனால் கல்லீரலைத் தட்டி எழுப்பி ரத்தத்தில் குளுக்கோஸைக் கொட்ட வைக்கிறது. ஞாபகத்தை அழுத்தமாக்குவதில் அந்தக் குளுக்கோஸுக்கும் பங்கு இருக்கலாம் என்பது கோல்டின் எண்ணம்.

அதே குழுவினர் கண்ட இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளவு கூடினால் பலன் கூடிக்கொண்டே போவதில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கிவிடுகிறது. இளைஞர்களிடம், வேலை கடினமாக இருந்தால்தான் ஏதாவது வித்தியாசம் தெரிகிறது. இந்தப் பலன் சில மணி நேரக் கதை. நான் முடிவெடுக்க வேண்டியதோ இருபது வருடக் கதைக்கு.

அப்படியே விட்டால்

முதல் வழி, எதையும் மாற்றாமல் இருப்பது. சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. அதனால் தராசை எடுத்தேன், மகள் கேக் செய்ய வாங்கி இரண்டே தடவை பயன்படுத்திய சின்ன டிஜிட்டல் தராசு.

தலைதட்டிய ஒரு டீஸ்பூன் 4 கிராம். ஆனால் தலைதட்டி யார் போடுகிறார்கள்? அம்மாவின் "அரை ஸ்பூன்" 5 கிராம் வந்தது. என்னுடைய "ஒரு ஸ்பூன்" 7. மாதக் கணக்கு இன்னும் நேர்மையானது. மளிகைச் சீட்டில் மாதம் 3 கிலோ. மூன்று பேர், முப்பது நாள். தலைக்கு நாளொன்றுக்கு 33 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சுமார் 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இதில் பிஸ்கட், கடைத் தேநீர், அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் என்று வரும் கேக், மகளின் குளிர்பானம் எதுவும் சேரவில்லை. 300 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் இருக்கிறது.

சரி, இந்த அளவு ஞாபகத்தை என்ன செய்யும்? எனக்கு உறைத்த ஆய்வு பெர்லினில் நடந்தது. 2013இல் வெளியானது. சராசரி வயது 63, மொத்தம் 141 பேர், ஒருவருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. 15 சொற்களைச் சொல்லிக் காட்டி, அரை மணி நேரம் கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார்கள். ஹெச்பிஏ1சி ஏறத்தாழ 0.6 புள்ளி கூடுதலாக இருந்தவர்கள் சராசரியாக இரண்டு சொற்களை அதிகம் மறந்தார்கள். மூளையின் ஸ்கேனில் ஹிப்போகேம்பஸ் பகுதியும் அவர்களுக்குச் சற்றுச் சிறிதாக இருந்தது. ஹிப்போகேம்பஸ் என்பது காதுக்கு நேர் உட்புறத்தில், கடல்குதிரை போல வளைந்து கிடக்கும் பகுதி. காலையில் காபி குடித்தோமா என்பது போன்ற புது விஷயங்களைப் பதிவு செய்யும் குமாஸ்தா அதுதான். என் 6.1ஐ 5.5உடன் ஒப்பிட்டால், இரண்டு சொல். அன்று இரவு நானே 15 மளிகைச் சாமான் பெயர்களை எழுதி மடித்து வைத்துச் சோதித்துப் பார்த்தேன். எத்தனை வந்தது என்று சொல்ல மாட்டேன்.

அதே 2013இல் சியாட்டிலில் இருந்து இன்னொன்று வந்தது. 2,067 முதியவர்களைச் சுமார் ஏழு வருடம் தொடர்ந்தார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களிலேயே, சராசரி ரத்தச் சர்க்கரை 115 உள்ளவர்களுக்கு, 100 உள்ளவர்களைவிட டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகம். 115 என்பது நம் ஊர் ஆய்வகச் சீட்டைப் பார்த்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நார்மல்தான்" என்று பையில் மடித்து வைக்கும் எண். இவையெல்லாம் கூடுதல் சர்க்கரையும் மறதியும் சேர்ந்து வருவதைக் காட்டும் ஆய்வுகள். இதனால்தான் அது என்று நிரூபிப்பவை அல்ல. ஆனால் அதிகச் சர்க்கரை சிறு ரத்தக் குழாய்களைக் கெடுப்பது கண்ணிலும் சிறுநீரகத்திலும் நாம் பார்த்துப் பழகிய சங்கதி. மூளைக்கு மட்டும் விலக்கு கிடைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

மகள் விஷயத்தில் கால அளவு இன்னும் குறைவு. ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் ஒல்லியான, ஆரோக்கியமான 110 இளைஞர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஒரே ஒரு வாரம் வாஃபிள், துரித உணவு என்று கொழுப்பும் இனிப்புமாகக் கொடுத்தார்கள். வாரக் கடைசியில் ஹிப்போகேம்பஸைச் சார்ந்த ஞாபகச் சோதனையில் அவர்கள் சறுக்கினார்கள். வயிறு நிறைந்த பிறகும் தின்பண்டத்தைப் பார்த்தால் ஆசை வந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது எல்லாம் பழையபடி சரியாகியிருந்தது. கொழுப்பும் சேர்ந்தே இருந்ததால் பழி முழுவதையும் சர்க்கரை மேல் போட முடியாது. ஆனால் பிளஸ் டூ பிள்ளைகள் டியூஷன் முடிந்து வாங்கிச் சாப்பிடுவதும் இரண்டும் கலந்ததுதானே.

எலிகளிலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2015இல் வந்த ஆய்வு அது. குளிர்பானங்களில் சேர்க்கும் சோளச் சர்க்கரைப்பாகு கலந்த நீரைக் குடித்த வளரிளம் எலிகள் வழி கண்டுபிடிப்பதில் தடுமாறின. வளர்ந்த எலிகள் அதையே குடித்தும் தடுமாறவில்லை. எலி எலிதான், மகள் மகள்தான். இருந்தாலும் அப்படியே விடுவது என்ற வழியை இங்கேயே மூடிவிட்டேன்.

கருப்பட்டிக்கு மாறினால்

மனைவியின் யோசனை. வீட்டில் அதிக ஆதரவு இதற்குத்தான், காரணம் எளிது: எதையும் விட வேண்டாம். நிறம் மாறினால் போதும்.

உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு கிடையாது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சுக்குக் காபியில் வெள்ளைச் சர்க்கரை போடுகிறவர்களோடு நான் பேசுவதில்லை. ஆனால் இங்கே கேள்வி ருசி பற்றியது அல்ல. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் மூன்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். குடலில் போய் உடைந்தால் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் எனும் பழச் சர்க்கரை. கூடவே கொஞ்சம் இரும்பு, பொட்டாசியம் போன்ற தாதுக்கள் வருவது உண்மை. அந்தத் தாதுக்களால் குறிப்பிடும்படி பலன் கிடைக்க எவ்வளவு கருப்பட்டி தின்ன வேண்டும் என்று யோசித்தால் விஷயம் புரியும். தேன் இன்னொரு செல்லப்பிள்ளை. அதில் 38 சதவீதம் போல ஃப்ரக்டோஸ், 31 போல குளுக்கோஸ், மீதியில் பெரும்பகுதி தண்ணீர்.

இதிலும் தராசு ஒரு வேலை செய்தது. மனைவி சாமான் கடையில் கருப்பட்டி வாங்கி வந்தாள். அம்மா அதைத் துணியில் சுற்றி, அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டி, கைக்கு வந்த துண்டைக் காபியில் போட்டார். அடுத்த துண்டை வாங்கித் தராசில் வைத்தேன். 14 கிராம். ஸ்பூனில் 5 கிராம் போட்டுக்கொண்டிருந்தவர், உடம்புக்கு நல்லது என்ற தைரியத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு போடுகிறார். இன்னொரு டம்ளரும் கேட்டார். கருப்பட்டியில் எனக்குள்ள உண்மையான பயம் இதுதான். வெள்ளைச் சர்க்கரை போடும்போது மனதில் ஒரு உறுத்தல் இருக்கும், அந்த உறுத்தலே ஒரு தடுப்பு. கருப்பட்டி அந்தத் தடுப்பை எடுத்துவிடுகிறது. விலையோ பல மடங்கு. வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சி விற்பவர்களும் இருக்கிறார்கள், அப்போது காசு கொடுத்து அதே டப்பாவைத்தான் வாங்கி வருகிறோம்.

ஃப்ரக்டோஸ் என்றதும் ஞாபகத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ராகுல் அகர்வாலும் ஃபெர்னாண்டோ கோமஸ்-பினியாவும் 2012இல் வெளியிட்டது. எலிகளுக்கு ஒரு புதிர்ப்பாதையைப் பழக்கிவிட்டு, ஆறு வாரம் குடிநீரில் ஃப்ரக்டோஸ் கொடுத்தார்கள். பிறகு அதே பாதையில் விட்டபோது வழி மறந்து திணறின. ஆனால் ஒமேகா-3 கொழுப்பும் சேர்த்துக் கொடுத்த எலிகள் அவ்வளவு திணறவில்லை. எலிகளுக்குக் கொடுத்தது மனிதர் காபியில் போடும் அளவைவிட மிக அதிகம். ஆகவே கருப்பட்டிக் காபி வழியை மறக்கடிக்கும் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, வாரம் இரண்டு நாள் மத்தி மீன். சர்க்கரையின் நிறத்தை மாற்றுவதைவிட அது உருப்படியான மாற்றம் என்று தோன்றியது.

கருப்பட்டி வீட்டில் இருக்கிறது, சுக்குக் காபிக்கு மட்டும். மாற்று என்ற பெயரில் அல்ல.

மாத்திரையும் துளியும்

தம்பியின் யோசனை மேலோட்டமாகப் பார்த்தால் மிகப் புத்திசாலித்தனமானது. இனிப்பு உண்டு, ரத்தச் சர்க்கரை ஏறாது. சுக்ரலோஸ், அஸ்பார்டேம், சாக்கரின், சீனித்துளசியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியா எல்லாம் மருந்துக் கடையிலேயே கிடைக்கின்றன. ஒரு சமையல் குறிப்பு: அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். பாயசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு, இனிக்கவே இல்லை என்று இன்னும் நாலு மாத்திரை போடுவதில் பலனில்லை.

நம் ஊர்க் காபி, டீயை வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபெடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், டைப் 2 சர்க்கரை நோயாளிகள் தினம் காபியிலும் டீயிலும் போடும் சர்க்கரையை 12 வாரம் சுக்ரலோஸாக மாற்றிப் பார்த்தது. ஹெச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எடையும் இடுப்பளவும் கொஞ்சம் குறைந்தன. கெடுதலும் இல்லை, பெரிய அதிசயமும் இல்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. இரண்டு டம்ளர் காபியின் சர்க்கரையை எடுத்தாலும், தட்டில் மலைபோல இருக்கும் சோறு அங்கேயேதான் இருக்கிறது.

ஞாபகத்தின் பக்கம்தான் சங்கடம். 2017இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், தினம் ஒரு டயட் குளிர்பானம் குடித்தவர்களுக்கு அல்சைமர் எனும் மறதி நோய் வரும் வாய்ப்பு, குடிக்காதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காகத் தெரிந்தது. 2025 செப்டம்பரில் பிரேசிலில் இருந்து வந்தது இன்னும் பெரியது. 12,772 பேர், எட்டு வருடம். இந்த இனிப்பூட்டிகளை மிக அதிகம் எடுத்த பிரிவினருக்கு, மிகக் குறைவாக எடுத்தவர்களைவிட நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் 62 சதவீதம் வேகமாகக் குறைந்தன. 60 வயதுக்குக் கீழே இருந்தவர்களிடம்தான் இந்தத் தொடர்பு தெரிந்தது, சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இன்னும் அழுத்தமாக.

இதைப் படித்ததும் தம்பிக்கு அனுப்பி வெற்றிக்கொடி நாட்டலாமா என்று யோசித்தேன். நாட்டவில்லை. மாத்திரைக்கு யார் முதலில் மாறுகிறார்கள்? சர்க்கரை ஏறியவர்கள், எடை கூடியவர்கள். மறதி அந்த நோயால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று இந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களை எண்ணிவிட்டு ஆஸ்பத்திரிதான் நோயைப் பரப்புகிறது என்று சொல்வது போல ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்றது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் வயதையும் என் நிலையையும் வைத்துப் பார்த்தால், தெரிந்த ஒரு தொல்லைக்குப் பதில் தெரியாத ஒன்றை வாங்க எனக்கு மனமில்லை. இனிப்புக்கான நாக்கு அப்படியே இருக்கும் என்பது கூடுதல் குறை. அம்மாவுக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை என்று ஒரு சலுகை வைத்தோம், அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

டப்பாவையே தூக்கிப் போட்டால்

மகள் சொன்ன வழி. படிக்கும்போது எனக்கும் இதுதான் சரி என்று தோன்றிக்கொண்டே வந்தது. அப்புறம் அம்மாவின் மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன்.

அதிகச் சர்க்கரை மூளைக்கு மெதுவாகக் கெடுதல் செய்யும். தாழ்சர்க்கரை உடனே செய்யும். கலிபோர்னியாவில் 16,667 டைப் 2 நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்த ஆய்வு 2009இல் வந்தது. சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலை ஒரு தடவை வந்தவர்களுக்கே மறதி நோய் வாய்ப்பு 26 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு தடவை என்றால் 80 சதவீதம். சர்க்கரையை மிகக் கறாராகக் குறைத்தால் மூளை இன்னும் பிழைக்குமா என்று பார்த்த அக்கார்ட்-மைண்ட் ஆய்வும், 40 மாதம் கழித்து ஞாபகத்தில் கூடுதல் பலன் இல்லை என்றே சொன்னது.

அம்மா க்ளிமிபிரைடு சாப்பிடுகிறார். அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஏகாதசி என்று ஒரு வேளை சாப்பிடாமல் இருந்துவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு முன்னுக்குப் பின் முரணாக வரும். வீட்டில் உள்ளவர்கள் அதையும் வயசான மறதி என்றே நினைத்துவிடலாம். அந்த நேரம் மூன்று ஸ்பூன் சர்க்கரைதான், அதாவது 15 கிராம் போல, மருந்து. சுகர் ஃப்ரீ மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அம்மாவின் சீட்டில் வோக்லிபோஸும் இருக்கிறது. அது குடலில் சுக்ரோஸ் உடைவதைத் தாமதப்படுத்தும் மருந்து. அதைச் சாப்பிடுகிறவருக்கு டப்பாச் சர்க்கரைகூட அவசரத்துக்குச் சீக்கிரம் உதவாது, குளுக்கோஸ் பவுடரே வேண்டும். பதினாறு வருடமாக இந்த வீட்டில் சர்க்கரை நோயோடு இருக்கிறோம், இது எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

டாக்டரைப் பார்க்கப் போனபோது இன்னொன்று நடந்தது. மறதி என்றதும் அவர் சர்க்கரையைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா சாப்பிடுறாங்க? சைவமா?" என்றுதான் கேட்டார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தை நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் உடலில் ஏறுவது குறையும். அம்மா மீனைத் தொடாதவர், பாலும் குறைவு. பி12 குறைந்தால் மறதி வரும், அதைச் சரிசெய்யவும் முடியும். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது. பி12 நன்றாகக் குறைந்திருந்தது. இப்போது ஊசி போகிறது. அதனால் மறதி எவ்வளவு குறையும் என்று சில மாதம் கழித்துத்தான் தெரியும். ஆனால் சர்க்கரை டப்பாவோடு மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் இதைத் தவறவிட்டிருப்போம்.

பரீட்சை நாள்

மகளுக்கு ஒரு தனிக் கேள்வி இருந்தது. பரீட்சைக்குப் போகும் முன் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கலாமா? அவள் வகுப்பில் பாதிப் பேர் குடிக்கிறார்களாம். எங்கள் காலத்தில் வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்றார்கள். நான் கிலோ கணக்கில் தின்றேன், கணக்கு வரவில்லை.

31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2019இல் வந்தது. இனிப்பு சாப்பிட்டதும் உற்சாகம் ஏறுகிறது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. மாறாக அரை மணி நேரத்துக்குள் சோர்வு, ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பு குறைதல். மூன்று மணி நேரப் பரீட்சையில் அது சரியாகக் கேள்வித்தாளின் கனமான பகுதியில் வந்து உட்காரும். நாலு இட்லி, சாம்பார், ஒரு முட்டை. அவளுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

என்ன செய்கிறோம்

கடைசியில் தேர்ந்தெடுத்தது யாருமே முன்மொழியாத வழி: அதே வெள்ளைச் சர்க்கரை, குறைந்த அளவில், ஆளுக்கு ஒரு கணக்கு.

நான் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தேன். முதல் பத்து நாள் காபி கஷாயமாக இருந்தது. இப்போது அலுவலகத்தில் பழைய அளவு போட்டுக் கொடுத்தால் பாயசம் குடிப்பது போல இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் தெருவில் நடக்கிறேன், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை அதில் குறையும். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், ஒரு வருடம் வேக நடை நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் பெரிதானது என்று 2011இல் சொன்னார்கள். டப்பாவுக்குள் இருக்கும் எந்த வழிக்கும் இப்படி ஒரு சான்று எனக்குக் கிடைக்கவில்லை. சோற்றிலும் ஒரு கரண்டி குறைத்தோம், அந்த இடத்தில் சுண்டலோ கீரையோ.

அம்மாவுக்குக் காலைக் காபியில் தலைதட்டிய ஒரு ஸ்பூன். மத்தியானம் மாத்திரை போட்ட காபி. மூன்றாவது காபி மோராகிவிட்டது, இதில் இன்னும் தினம் தகராறு உண்டு. விரதம் இருக்கும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும், மருந்தை எப்படி எடுப்பது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு குளுக்கோஸ் பவுடர் பாக்கெட்டும் அதன்மேல் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டும்: "வேர்த்தால், நடுங்கினால் 3 ஸ்பூன் தண்ணீரில். 15 நிமிஷம் கழித்துச் சோதனை."

போன மாதம் 3 கிலோ. இந்த மாதம் ஒன்றரைக் கிலோ வாங்கினோம், தேதி 26 ஆகிறது, டப்பாவில் கால் பங்கு மிச்சம். மகள் வீட்டில் டீயில் அரை ஸ்பூன்தான் போடுகிறாள், அதை நானே பார்க்கிறேன். டியூஷன் வாசலில் உள்ள கடைக் கணக்கு மட்டும் இன்னும் என் தராசுக்கு வரவில்லை.